டமாஸ்கஸ் அஸ்ம் அரண்மனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸின் பழைய நகரத்தில், உமய்யா பெரிய பள்ளிவாசலுக்குத் தெற்கே, மசாலாக் கடைகள் நிறைந்த புஸூரிய்யா அங்காடியை ஒட்டி இருக்கிறது அஸ்ம் அரண்மனை. உஸ்மானியப் பேரரசு (துருக்கியரின் ஒட்டோமான் அரசு) காலத்து ஆளுநர் மாளிகைகளைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் பெயர்களில் இதுவும் ஒன்று. படம் பார்த்தவர்களும், பயணத்துக்குத் தயாராகிறவர்களும், கட்டடக்கலை படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

இதை யார் கட்டினது, எப்போ?

அஸ்அத் பாஷா அல்-அஸ்ம். 1743 முதல் 1757 வரை டமாஸ்கஸ் மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். அரண்மனை வேலை 1749-இல் தொடங்கியது. இஸ்லாமிய ஆண்டுக் கணக்கில் 1163 என்று சொல்வது இந்தக் காலத்தைத்தான்.

காலி மனையில் எழுந்த கட்டடம் இல்லை இது. உஸ்மானியருக்கு முன் மம்லூக்குகள் என்ற அரச மரபினர் ஆண்ட காலத்தில், 1312 முதல் 1340 வரை டமாஸ்கஸை ஆண்ட தன்கிஸ் என்ற ஆளுநரின் மாளிகை இதே பகுதியில் இருந்தது. அதற்குத் தங்க மாளிகை என்று பெயர். நகரின் பெரிய பள்ளிவாசலுக்கும் பெரிய அங்காடிக்கும் நடுவில் இருக்கும் மனையை எந்தக் காலத்து அதிகாரியும் விட்டுவைக்க மாட்டார்.

பாஷான்னா ராஜாவா? இல்லேன்னா ஏன் அரண்மனைன்னு சொல்றோம்?

ராஜா இல்லை. பாஷா என்பது உஸ்மானிய அரசு கொடுக்கும் உயர் பதவிப் பட்டம். இஸ்தான்புல்லில் இருக்கும் சுல்தான் நியமிப்பார், அவரே நீக்குவார். பெரும்பாலான ஆளுநர்களுக்கு ஓரிரு ஆண்டுதான் பதவி. அஸ்அத் பாஷா 14 ஆண்டு நிலைத்தது அந்த நூற்றாண்டில் பெரிய விதிவிலக்கு. அவர் குடும்பத்திலிருந்து டமாஸ்கஸ் ஆளுநரான முதல் ஆள் இஸ்மாயில் பாஷா, 1725-இல். அஸ்அதுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் அவருடைய சிற்றப்பா சுலைமான் பாஷா. ஆக, வெளியூரிலிருந்து வந்து போகும் அதிகாரியாக இல்லாமல், உள்ளூரிலேயே வேர் விட்ட குடும்பமாக இவர்கள் இருந்தார்கள். இவ்வளவு செலவு செய்து இங்கே வீடு கட்டியதற்குக் காரணமே அதுதான்.

அரபியில் இதை ‘கஸ்ர்’, அதாவது அரண்மனை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அமைப்பைப் பார்த்தால் இது டமாஸ்கஸ் முற்றத்து வீடுதான், ஆளுநரின் பணப்பையால் பல மடங்கு பெருத்தது. பரப்பு ஐயாயிரம் சதுர மீட்டருக்கு மேல்.

அப்போ இங்கே இருந்துதான் ஆட்சி நடந்ததா?

அரசு அலுவலகத்துக்கு சராய் என்று தனிக் கட்டடம் இருந்தது. அரண்மனை குடும்பச் சொத்து. ஆனால் அந்தக் காலத்தில் வீட்டையும் அலுவலகத்தையும் இன்றைக்குப் போல வெட்டிப் பிரிக்க முடியாது. மனுக் கொடுப்பவர், கடன் கேட்பவர், வரி பாக்கி வைத்தவர், ஊர்ப் பெரிய மனிதர் என எல்லோரும் ஆளுநரின் வரவேற்பு மண்டபத்துக்கு வந்தார்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஆளுநர் ஆண்டில் பாதி ஊரிலேயே இருக்க மாட்டார். ரமளானுக்கு முன் தெற்கே பாலஸ்தீனப் பகுதிகளைச் சுற்றி வரி திரட்டும் பயணம். பிறகு ரமளானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலில் ஹஜ் பயணக் கூட்டத்தை மக்காவுக்குக் கூட்டிப் போக வேண்டும். 1708 முதல் டமாஸ்கஸ் ஆளுநரே அந்தக் கூட்டத்தின் தலைவர். போய்த் திரும்ப ஏறக்குறைய நான்கு மாதம். ஹஜ் கூட்டம் பத்திரமாகத் திரும்பினால் பதவி நிற்கும், இல்லாவிட்டால் போகும்.

வெளியே இருந்து பார்த்தா வெறும் சுவர்தான் தெரியுது. முகப்பே இல்லாத அரண்மனையா?

முகப்பு இருக்கிறது, உள்ளே திரும்பி நிற்கிறது. தெருப் பக்கம் உயரமான, அலங்காரம் குறைந்த சுவரும் ஒரு பெரிய வாசலும் மட்டும்தான். அந்த வாசல் கதவிலேயே ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குச் சிறிய கதவு ஒன்று இருக்கும். பெரிய கதவு குதிரைக்கும் சுமைக்கும் விருந்தாளிக்கும், சின்னக் கதவு அன்றாடப் போக்குவரத்துக்கு. நுழைந்தவுடன் முற்றம் தெரியாதபடி வழி திரும்பும். தெருவில் போகிறவர் எட்டிப் பார்த்தாலும் குடும்பத்தார் கண்ணில் பட மாட்டார்கள், தெருச் சத்தமும் தூசும் உள்ளே வராது.

புகைப்படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: வெளியே நின்று நல்ல கோணம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அப்படி ஒன்று கிடையாது.

ஹரம்லிக், சலாம்லிக், கதம்லிக்… இதெல்லாம் என்ன?

மூன்றும் மாளிகையின் மூன்று பகுதிகள். சலாம்லிக் விருந்தினர் பகுதி, சலாம் சொல்லி வரவேற்கும் இடம். ஹரம்லிக் குடும்பத்தின் பகுதி, அந்நிய ஆண்களுக்கு அனுமதி இல்லை. கதம்லிக் பணியாட்கள் இருந்த, சமையலும் சேமிப்பும் நடந்த பகுதி. ‘லிக்’ என்பது துருக்கி ஒட்டு, முன்னால் இருப்பவை அரபி வேர்கள். சாதாரண டமாஸ்கஸ் வீட்டுக்காரர்கள் இதையே வெளிப்பக்கம், உள்பக்கம் என்ற பொருளில் ‘பர்ரானி’, ‘ஜுவ்வானி’ என்பார்கள்.

மூன்றில் பெரியது எது என்று கேட்டால் பலர் விருந்தினர் பகுதி என்று ஊகிக்கிறார்கள். உண்மையில் குடும்பப் பகுதிதான் பெரியது. அகலமான முற்றம், நீர்த் தொட்டிகள், நிழல் மரங்கள், தூண் வரிசையோடு கூடிய தாழ்வாரம், சொந்தக் குளியல் கூடம் எல்லாம் அங்கேதான். ‘ஹரம்’ என்றதும் சுல்தானின் அந்தப்புரக் கதைகளை நினைக்க வேண்டாம். தாய், மனைவி, மகள், மருமகள், பிள்ளைகள், முதியவர்கள் என்று கூட்டுக் குடும்பம் வாழ்ந்த இடம், அவ்வளவுதான்.

முற்றத்துல ஒரு பக்கம் மட்டும் சுவரே இல்லாம பெரிய வளைவா திறந்து கிடக்கே, அது எதுக்கு?

அதற்கு ஈவான் என்று பெயர். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் முழுக்க முற்றத்தை நோக்கித் திறந்த உயரமான வளைவு. கோடையில் குடும்பம் உட்காரும் கூடம் இது. டமாஸ்கஸ் வீடுகளில் ஈவான் முற்றத்தின் தென்பக்கம் நின்று வடக்கு நோக்கியிருக்கும். அப்போது வெயில் நேராக உள்ளே விழாது, நாள் முழுக்க நிழல். எதிரே நீர்த் தொட்டியைத் தடவி வரும் காற்றும் குளிர்ந்து வரும்.

எதிர்ப்புறம், அதாவது முற்றத்தின் வடபக்கம் தெற்கு நோக்கி நிற்கும் அறைகள் குளிர்காலத்துக்கு. தாழ்ந்து வரும் குளிர்கால வெயில் அவற்றுக்குள் நேராகப் புகும். ஆக, வீடு ஒன்றுதான், குடும்பம் பருவத்துக்குப் பருவம் முற்றத்தைத் தாண்டிக் குடிமாறும். டமாஸ்கஸில் குளிர்காலத்தில் பனி விழும் என்பது தெரியாதவர்களுக்கு இந்த ஏற்பாடு புரிவதில்லை.

மண்டபத்துக்குள்ள பாதித் தரை தாழ்வாவும் பாதி உயரமாவும் இருக்கு. பழுதுபார்த்ததுல வந்த கோளாறா?

இல்லை, வேண்டுமென்றே செய்தது. ‘காஆ’ எனப்படும் வரவேற்பு மண்டபங்கள் எல்லாமே இப்படித்தான். வாசலை ஒட்டிய தாழ்ந்த பகுதி ‘அதபா’. செருப்பைக் கழற்றுவதும், பணியாள் நிற்பதும் அங்கே. நடுவில் பெரும்பாலும் சிறிய நீரூற்று இருக்கும், தரை வண்ணப் பளிங்கு. அங்கிருந்து முழங்கால் உயரப் படி ஏறினால் ‘தஸர்’ எனப்படும் மேடை. விரிப்பும் சாய்வு மெத்தைகளும் போட்டு உட்காருவது மேடையில்தான். மேடையின் ஆழத்து நடு இடம் மதிப்புக்குரியவருக்கு, படியருகே உட்காருகிறவர் சிறியவர்.

சிறிய மண்டபத்துக்கு மேடை ஒன்று, பெரியதற்கு மூன்று. மூன்று மேடைகள் மூன்று பக்கமும் அமைந்து, நடுத் தாழ்தரையின் மேல் கூரை மட்டும் மிக உயரமாக எழும்பியிருக்கும். மேலே உள்ள ஜன்னல்கள் வழியே சூடான காற்று வெளியேறும். இப்படிப்பட்ட மண்டபத்துக்குள் நிமிர்ந்து நின்றபடி பார்த்தால் பாதி அழகு தப்பிவிடும். சுவர் அலங்காரத்தின் அளவுகள் மேடையில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு வைத்தவை.

கறுப்பு வெள்ளைப் பட்டை பட்டையா இருக்கே, பெயின்டா கல்லா?

கல்தான். ‘அப்லக்’ என்பது அந்த முறையின் பெயர், இரு நிறம் கலந்தது என்று பொருள். ஒரு வரி வெளிர் சுண்ணாம்புக் கல், அடுத்த வரி கறுப்பு எரிமலைக் கல், இடையிடையே மஞ்சளும் இளஞ்சிவப்புமான கல். கறுப்புக் கல் டமாஸ்கஸுக்குத் தெற்கே ஹவ்ரான் சமவெளியிலிருந்து வருவது. இந்தப் பட்டை வேலை உஸ்மானியர் கொண்டுவந்தது இல்லை, மம்லூக் காலத்திலேயே சிரியாவில் வேரூன்றியது.

இரண்டு கல்லும் ஒரே மாதிரி மூப்படையாது. எரிமலைக் கல் கடினம், விளிம்பு கூர்மையாகவே நிற்கும். சுண்ணாம்புக் கல் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி மேற்பரப்பு பொடிந்து உள்வாங்கும். கீழ் வரிகளில் வெள்ளைப் பட்டை கறுப்பைவிடச் சற்றே குழிந்திருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பட்டைகள் துல்லியமாக ஒரே மட்டத்தில், விளிம்பெல்லாம் புதுசாக இருந்தால் அது பின்னால் மாற்றிய கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வளைவுகளுக்கு மேல இருக்கிற பூவேலையும் அப்படித்தானா? கல்லுக்குள்ள கல் பதிச்சதா?

அநேகமாக இல்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அது வண்ணச் சாந்து வேலை. சுண்ணாம்புக் கல்லில் வடிவத்தை ஆழமில்லாமல் குடைந்துவிட்டு, கற்பொடியும் நிறமியும் பசையும் கலந்த சாந்தால் அந்தக் குழியை நிரப்பி, காய்ந்ததும் மட்டமாகத் தேய்த்துவிடுவார்கள். சிவப்பும் கறுப்பும் பச்சையுமாகச் சிக்கலான வடிவங்கள் குறைந்த செலவில், குறைந்த நாளில் கிடைத்துவிடும்.

வேறுபாடு கண்டுபிடிக்க உதிர்ந்த இடத்தைத் தேடுங்கள். சாந்து உதிர்ந்த இடத்தில் ஆழமில்லாத குழியும் உளித் தடமும் தெரியும். உண்மையான கல் பதிப்பில் துண்டுக்குத் தடிமன் இருக்கும், இரு துண்டுக்கும் நடுவில் மெல்லிய பொருத்துக் கோடு தெரியும். தரையிலும் மண்டபங்களுக்குள் கீழ்ச்சுவரிலும் இருப்பது பெரும்பாலும் உண்மையான பளிங்குப் பதிப்பு, மழையும் வெயிலும் படும் முற்றத்துச் சுவரில் இருப்பது சாந்து. எதிர்மாறாகச் செய்திருக்கலாமே என்று தோன்றும். முற்றத்துச் சுவரின் பரப்பளவைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

மரக் கூரையும் பலகையும் ஏன் இவ்வளவு இருட்டா, பழுப்பா இருக்கு? அப்போ அதுதான் ரசனையா?

இல்லவே இல்லை. அது ‘அஜமி’ வேலை. புதிதாக இருந்தபோது கண் கூசும் அளவுக்குப் பளிச்சென்று இருந்திருக்கும். செய்முறை தெரிந்தால் காரணம் புரியும். முதலில் பாப்லர் மரப் பலகைகளை இழைத்து, ஜிப்சமும் விலங்குப் பசையும் கலந்த பூச்சு கொடுப்பார்கள். துளையிட்ட காகிதத்தை வைத்துக் கரித்தூள் தட்டி வடிவத்தை மாற்றுவார்கள். பிறகு அதே ஜிப்சப் பசைக் கூழைத் தூரிகையால் சொட்டுச் சொட்டாக, அடுக்கடுக்காக வைத்துப் பூவையும் கொடியையும் புடைப்பாக எழுப்புவார்கள். காய்ந்ததும் சில இடத்தில் தங்கத் தாள், சில இடத்தில் வெள்ளீயத் தாள் ஒட்டுவார்கள். ஈயத் தாளின் மேல் நிறமேற்றிய ஒளி ஊடுருவும் வார்னிஷ் பூசினால் மாணிக்கம் போலவும் மரகதம் போலவும் மின்னும். பின்னணி மட்டும் பளபளப்பில்லாத வண்ணம். மின்னுவதும் மின்னாததும் அருகருகே இருப்பதில்தான் விளக்கொளியில் விளையாட்டு நடக்கும்.

பின் வந்த தலைமுறைகள் ‘புதுப்பிக்கிறோம்’ என்று மொத்தப் பரப்பின் மீதும் வார்னிஷ் அடித்தார்கள். அது ஆண்டுகள் போகப் போகப் பழுப்பேறி, நீலத்தைப் பச்சையாகவும் வெள்ளையைத் தேன் நிறமாகவும் மாற்றிவிட்டது. சுத்தம் செய்வதும் எளிதில்லை. மேல் வார்னிஷைக் கரைக்கும் திரவம் ஈயத் தாள் மேலிருக்கும் நிற வார்னிஷையும் சேர்த்துக் கரைத்துவிடும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 1707-ஆம் ஆண்டுத் தேதியிட்ட டமாஸ்கஸ் அறை ஒன்று இருக்கிறது. அங்கேயும் இதே பழுப்புத்தான்.

தண்ணி எங்கிருந்து வந்தது? அப்போ மோட்டார் இல்லையே?

பரதா ஆற்றிலிருந்து. ஆறு மலையை விட்டு வெளியேறும் இடத்திலேயே பல கால்வாய்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் ஓடுவதால் நகரத்துக்குள் சரிவிலேயே தண்ணீர் போய்ச் சேரும். பழைய நகரத்துக்கு முக்கியமானவை கனவாத், பானியாஸ் என்ற இரண்டு கிளைகள். அவற்றிலிருந்து சுடுமண் குழாய்கள் தெருவுக்கு வரும். தெருவில் ஒரு பங்கீட்டுத் தொட்டி, அதன் விளிம்பில் வெவ்வேறு அளவுத் துளைகள். எந்த வீட்டுக்கு எத்தனை பங்கு உரிமையோ அந்த அளவுத் துளை.

மேலிருந்து வரும் அழுத்தத்திலேயே ஊற்று துள்ளும், தொட்டி நிறையும், மிச்சம் தோட்டத்துக்கும் குளியல் கூடத்துக்கும் போய்க் கடைசியில் கழிவுக் கால்வாயில் விழும். கெடுவது இரண்டு இடத்தில்: குழாயில் சுண்ணாம்புப் படிவம் அடைத்துக்கொள்வது, இணைப்புகள் கசிந்து அடித்தளத்தை ஊறவைப்பது. அப்லக் பற்றிய பதிலில் சொன்ன கீழ்வரிசைக் கல்லின் பொடிவுக்குப் பாதிக் காரணம் இந்தக் கசிவுதான்.

கட்டுறதுக்கு ஊர்ச் சொத்தைப் பிடுங்கினார்னு சொல்றாங்களே, நிஜமா?

ஆம், கண்ணால் பார்த்தவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்து டமாஸ்கஸில் அல்-புதைரி என்ற ஒரு நாவிதர் நாட்குறிப்பு போல ஊர் நடப்புகளை எழுதி வந்தார். பாஷா தன் மாளிகைக்காக ஏராளமான மரத்தைக் குவித்ததையும், பழைய ரோமானிய நகரமான புஸ்ராவிலிருந்து தூண்களைக் கொண்டுவந்ததையும், நல்ல பளிங்கு எங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டாலும் ஆள் அனுப்பியதையும் அவர் பதிவு செய்கிறார். ஊரில் வேறு யாருக்கும் கொத்தனும் தச்சனும் கிடைக்காத நிலை. கால்வாய்த் தண்ணீர் மாளிகைக்குத் திருப்பப்பட்டதால் நகரத்து ஊற்றுகள் வற்றிய புலம்பலும் உண்டு.

ரொட்டி விலை ஏறி மக்கள் தவித்த காலம் அது. அழகைப் பாராட்டும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்ப்பது நியாயம் என்பது எங்கள் கருத்து.

அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு?

1757-இல் பதவி பறிபோனது. அதே ஆண்டு, அவருக்குப் பின் வந்த ஆளுநர் அழைத்துச் சென்ற ஹஜ் கூட்டத்தைத் திரும்பி வரும் வழியில் பனூ ஸக்ர் பழங்குடியினர் சூறையாடினார்கள். பாலைவனத்தில் பசியாலும் தாகத்தாலும் பெருந்தொகையானோர் மாண்டார்கள். பதவி போன கோபத்தில் அஸ்அத் பாஷாவே தூண்டிவிட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1758-இல் சுல்தான் ஆணைப்படி அவர் கொல்லப்பட்டார், சொத்தெல்லாம் பறிமுதல். அதிகாரிகள் வந்து மாளிகையின் தரையையும் சுவரையும் தோண்டிப் புதைத்து வைத்த பணத்தைத் தேடி எடுத்தார்கள். கட்டி முடித்துப் பத்து ஆண்டுகூட ஆகவில்லை. ஆனாலும் குடும்பம் அழியவில்லை. அஸ்ம்கள் மீண்டும் ஆளுநர்களானார்கள், மாளிகையும் குடும்பத்தின் கையில் தொடர்ந்தது.

இது துருக்கிக் கட்டடக்கலையா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. முற்றம், ஈவான், மேடை மண்டபம், அப்லக் எல்லாம் சிரிய மரபு. இஸ்தான்புல்லிலிருந்து வந்தவை அலங்காரத்தில்தான்: பூச்சாடிகள், பழக்கிண்ணங்கள், கரையோர மாளிகைகளின் சிறு ஓவியங்கள் போன்றவை 18-ஆம் நூற்றாண்டுத் தலைநகர நாகரிகம். எலும்பு டமாஸ்கஸ், உடுப்பு கொஞ்சம் இஸ்தான்புல். சொல்லப்போனால் ‘அஸ்ம்’ என்ற அரபிச் சொல்லுக்கே எலும்பு என்றுதான் பொருள்.

இப்போ பார்க்கிறது எல்லாம் அசலா?

இல்லை. 1922-இல், அப்போது சிரியாவை ஆண்ட பிரெஞ்சு அரசு இதை வாங்கித் தன் ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தது. 1925 அக்டோபரில், பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியில், அந்த ஆட்சியின் உயர் ஆணையரான ஜெனரல் சராய் என்பவர் உள்ளே இருப்பதாக எண்ணிப் போராளிகள் நுழைந்தார்கள். அவர் அங்கே இல்லை. தொடர்ந்து பிரெஞ்சுப் படை நகரத்தின் மீதே குண்டு பொழிந்தது. தீயிலும் குண்டிலும் அரண்மனை பலத்த சேதமடைந்தது.

மிஷேல் எகோஷார் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரும், பின்னர் ஷஃபீக் அல்-இமாம் என்ற சிரியரும் நடத்திய மீட்புப் பணிக்கு 1983-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. சிரிய அரசு இதை 1951-இல் கையகப்படுத்தி, 1954-இல் மக்கள் கலை, மரபு அருங்காட்சியகமாகத் திறந்தது. எனவே திட்ட அமைப்பும் கல் வேலையின் பெரும்பகுதியும் பழையவை. மர வேலையில் ஒவ்வோர் அறையையும் தனித்தனியாகக் கேட்டு, பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழுதுபார்க்க சிமென்ட் போட்டா சீக்கிரம் முடியுமே, ஏன் கூடாது?

சீக்கிரம் முடியும், சீக்கிரம் கெடும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சுவரோடு சேர்ந்து கொஞ்சம் அசையும். சிமென்ட் ஈரத்தை அடைத்துவிடும். அந்த ஈரம் உப்போடு பக்கத்துச் சுண்ணாம்புக் கல் வழியே வெளியேறி, சாந்துக்குப் பதிலாகக் கல்லையே உதிர்க்கும்.

கூரைதான் இன்னும் ஆபத்து. பழைய கூரை பாப்லர் உத்தரங்கள், மேலே பலகை, அதன் மேல் மண்ணும் சுண்ணாம்பும். மழைக்காலத்துக்கு முன் கல் உருளையால் உருட்டி இறுக்க வேண்டும். ஓர் ஆண்டு விட்டால் வெடிப்பு வழியே நீர் இறங்கி, சுவருக்குள் இருக்கும் உத்தர முனை முதலில் மக்கும். அது வெளியே தெரியாது. கீழே அஜமிப் பலகையில் கறை தெரியும்போது காலம் கடந்திருக்கும். உருட்டும் வேலை அலுப்பு என்று கான்கிரீட் தளம் போட்ட வீடுகள் பழைய நகரத்தில் உண்டு. மரச் சட்டமும் பச்சைச் செங்கல்லுமான இலகுவான மாடிச் சுவருக்கு அந்தப் பாரம் தாங்காது, நில அதிர்வில் அது சுவரையும் கூட்டிக்கொண்டு சரியும்.

ஹமாவில் ஒரு அஸ்ம் அரண்மனை, கான் அஸ்அத் பாஷா… எல்லாம் ஒண்ணா?

மூன்றும் வேறு, கட்டியவர் ஒருவர். சிரியாவின் இன்னொரு நகரமான ஹமாவின் மாளிகை, அஸ்அத் பாஷா அங்கே பதவியில் இருந்தபோது ஒரோன்டஸ் ஆற்றங்கரையில் எழுப்பியது, 1982-இல் அரசுப் படைக்கும் கிளர்ச்சியாளருக்கும் நடந்த மோதலில் கடுமையாகச் சேதமானது. கான் என்பது வணிகர் சத்திரம். டமாஸ்கஸ் அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில், 1750-களின் தொடக்கத்தில் கட்டியது. ஒன்பது குவிமாடங்களில் மூன்று 1759 நில நடுக்கத்தில் விழுந்தன, பிற்பாடு மீட்கப்பட்டன. அரண்மனையையும் கானையும் ஒரே நாளில் பாருங்கள். செலவு போன இடமும் வரவு வந்த இடமும் ஒரே அங்காடித் தெருவில் இருப்பது அப்போதுதான் உறைக்கும்.

போனா எந்த வரிசையில பார்க்கிறது?

திறக்கும் நாளையும் நேரத்தையும் உள்ளூரில் கேட்டுக்கொண்டு, காலையிலேயே போங்கள். முதலில் எந்த அறைக்குள்ளும் நுழையாமல் ஹரம்லிக் முற்றத்தின் நடுவில் நின்று திசை பாருங்கள். ஈவான் எது, குளிர்கால அறைகள் எவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு குளியல் கூடம்: பொதுக் குளியல் நிலையங்களைப் போலவே குளிர்ந்த, வெதுவெதுப்பான, சூடான அறைகள் சிறிய அளவில் அடுத்தடுத்து. அதன் பின் மண்டபங்கள். அங்கே மணப்பெண் அலங்காரம், ஹஜ் கூட்டத்தின் முன்னால் போகும் மஹ்மல் பல்லக்கு, கைவினைஞர் காட்சிகள் எல்லாம் பொம்மைகளோடு இருக்கும். பொம்மைகளைப் பார்த்த கையோடு தலையை உயர்த்திக் கூரையையும் பாருங்கள். சிறு டார்ச் ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்தால் அஜமிப் புடைப்பு எழுந்து தெரியும். பலகையைத் தொடாதீர்கள், ஜிப்சப் பூ விரல் பட்டாலே உதிரும்.